அத்திவாரம் இல்லாத புகைபோக்கி

தம்பிமாரே, மட்டம் பிடிப்பதையும் சுவரின் கனத்தைக் கணக்கிடுவதையும் உங்களுக்கு வேண்டிய அளவு படிப்பித்துத்தான் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முப்பத்திரண்டு வருடம் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவன் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். நான் கட்டுவித்த பாலங்களைப் பற்றியும் ஆஸ்பத்திரி விறாந்தைகளைப் பற்றியும் கேட்பீர்கள் போலிருக்கிறது. அவை எல்லாம் நல்லபடியாக நிற்கின்றன, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு புகைபோக்கியைப் பற்றிச் சொல்கிறேன். அதை நான் இரண்டு தரம் கட்ட வேண்டி வந்தது.

அப்போது மன்னாருக்கு ரயில் வரவில்லை. எனக்கு இருபத்தேழு வயது. ஓலைத்தொடுவாய்க்கு அப்பால் கடலோரமாக ஒரு வெள்ளைக்காரத் துரைக்குத் தென்னந்தோட்டம் இருந்தது. தனக்கொரு வீடு கட்ட நாலு மாதத்துக்கு ஓவசியர் ஒருவர் வேண்டும் என்று அவர் எங்கள் கந்தோருக்கு எழுதிக் கேட்டார். எஞ்சினியர் துரை என்னைப் போகச் சொன்னார். ஐப்பசி மழைக்கு முன் ஓடு போட்டு முடித்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

வீடு உண்மையில் துரையின் மனைவி துரைசாணிக்காக. அவர் இங்கிலாந்தில் வயலும் மாடும் வைத்திருந்த ஒரு கமக்காரர் வீட்டில் பிறந்தவர். முன்னூறு வருடத்துக்கு மேற்பட்ட வீடு என்றார்கள். தகப்பன் இறந்தபின் அது வேறு ஆட்களின் கைக்குப் போய்விட்டது. இனி அந்த வாசல் படலையைத் திறந்து உள்ளே போக முடியாது என்று தெரிந்த பிறகு, அதே வீட்டை இங்கே கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு மனதில் விழுந்துவிட்டது. கைமாறுவதற்கு முன் அவருடைய தம்பி வீட்டை அடி அடியாக அளந்து, படம் வரைந்து, கப்பலில் அனுப்பியிருந்தார்.

அந்தப் படத்தை முதன்முதலில் விரித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னச் சின்ன யன்னல்கள். கை தூக்கினால் முட்டும் அளவுக்குத் தாழ்ந்த மேல்தட்டு. செங்குத்தான கூரை. வாசல் கதவைத் திறந்தால் அறை இல்லை, இரண்டு பேர் நிற்கக்கூடிய ஒரு மூலையும் எதிரே ஒரு கற்சுவரும்தான். வீட்டின் நட்டநடுவில், ஒரு அறை அளவு இடத்தை அடைத்துக்கொண்டு, நிலத்திலிருந்து கூரைக்கு மேலே பத்தடி வரை ஒரு புகைபோக்கி. மாடிப்படி அதைச் சுற்றித்தான் ஏறியது. மேல்மாடியைத் தாங்கும் தீராந்தி மரங்கள் எல்லாம் அதன்மேல்தான் வந்து முடிந்தன. பின்பக்கம், வடக்கே, கூரை அப்படியே நீண்டு சரிந்து ஆள் உயரத்துக்கு இறங்கியது. அதற்குக் கீழே தடித்த சுவரும் ஒற்றை யன்னலுமாக ஒரு அறை, பாலும் வெண்ணெயும் வைக்கிற அறையாம்.

துரைசாணி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். வாசலுக்கு எதிரே சுவர் இருப்பதால் குளிர்காற்று நேரே உள்ளே வராது. நடுவில் நெருப்பு எரிந்தால் நாலு அறைக்கும் சூடு போகும். வடக்கே கூரை தாழ்ந்திருந்தால் பெருங்காற்று பிடிப்பதற்கு இடமில்லாமல் மேலே ஏறிப் போய்விடும். தன் தகப்பன் எந்தக் கதவில் தலை குனிவார் என்றும், தம்பி எந்தத் தீராந்தியில் நெற்றியை இடித்துக்கொள்வான் என்றும் கூடச் சொன்னார். நான் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். குளிருக்குக் கட்டிய வீட்டை மன்னார் வெயிலில் கட்டுகிறார்களே என்பதுதான் என் நினைப்பு. யன்னல்களைக் கொஞ்சம் பெருப்பிக்கலாமா என்று கேட்டேன். அதற்கு ஒத்துக்கொண்டார். புகைபோக்கி வேண்டியதில்லையே என்றேன். அது இல்லாவிட்டால் அது என் வீடு இல்லை என்றார். துரை பத்திரிகையை விட்டுத் தலை நிமிராமலே, அவர் கேட்டபடி கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வேலைக்கு மன்னார் உப்புக்குளத்திலிருந்து சுலைமான் நானாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்று கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேனே தவிர அவருக்கும் என் வயதுதான். கடலில் எடுக்கும் முருகைக்கல்லில் அவரைப் போல மூலை பிடிக்கக்கூடிய மேசனை இந்தத் தீவில் நான் கண்டதில்லை. சுவர்கள் கிடுகிடுவென்று எழும்பின. வடக்கே இருந்த பாலறையில் எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. ஆட்டுக் கொட்டில் கட்டுவதுபோல, படத்தில் உள்ளபடி கட்டி முடியுங்கள் என்று விட்டுவிட்டேன்.

தொல்லை நடுவில்தான் வந்தது. புகைபோக்கிக்கு ஆழமாக அத்திவாரம் வேண்டும். வெட்டினோம். இடுப்பளவுக்கு வெட்டுமுன் தண்ணீர் ஊறியது. இறைக்க இறைக்க நாலு பக்கத்திலிருந்தும் மணல் சரிந்து விழுந்தது. மூன்றாம் நாள் குழி, வெட்டியதைவிட அகலமாகவும் ஆழம் குறைந்தும் கிடந்தது. புரட்டாசி பாதி போய்விட்டது. மழைக்கு முன் முடிக்காமல் திரும்பிப் போனால் எஞ்சினியர் துரையின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கவலைப்பட்டேன். அடுத்த பதவி உயர்வுக்கு என் பெயர் போயிருந்த நேரம் அது.

அன்று மாலை நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று அப்போது பெருமையாக நினைத்தேன். மேல்மாடித் தீராந்திகளைப் புகைபோக்கியில் முடிக்காமல் சுவரிலிருந்து சுவருக்கு ஒரேயடியாகப் போடுவது. இரண்டு பெரிய பாலை மரங்களைக் குறுக்கே வைத்து, அவற்றின்மேல் புகைபோக்கியை மேலே மட்டும் கட்டுவது. கீழே அடுப்பு வாய் போல ஒரு மெல்லிய சுவரை எழுப்பி, சாந்து பூசி, பார்ப்பவர்களுக்கு ஒன்றாகத் தெரியும்படி செய்துவிடுவது.

சுலைமான் நானா குழிக்கரையில் நின்று கேட்டார். பிறகு, "ஐயா, இந்தப் பாரம் நிலத்துக்கு இறங்கவேணும். கூரைக்கு மேல பத்தடி நிக்குது. காத்து அதைப் பிடிச்சு ஆட்டினா ரெண்டு மரம் என்ன செய்யும்?" என்றார்.

"மரம் தாங்கும் நானா, கணக்குப் பாத்திட்டன். இந்த வெயிலுக்க ஆர் அடுப்பு மூட்டப் போறது? பாக்கிறதுக்கு நிண்டாப் போதும்."

"அப்ப துரைசாணிக்குச் சொல்லுவீங்களோ?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

மறுநாள் அவர் ஆட்களைக் கொண்டு குழியை மூடினார். நான் சொன்னபடியே கட்டினார். வெளியில் நின்று பார்த்தால் படத்தில் இருந்த புகைபோக்கிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஓடு போட்டு முடித்த நாளில் துரைசாணி வீட்டுக்குள் வந்தார். வாசல் மூலையில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு ஒவ்வொரு அறையாகப் போய், கதவு நிலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அடுப்பு அறைக்கு வந்ததும் நிலத்தில் உட்கார்ந்து, நான் கட்டுவித்த அந்த மெல்லிய சுவரில் முதுகைச் சாய்த்தார். பெருங்காற்று அடிக்கிற நாட்களில் தாய் தங்கள் எல்லோரையும் இப்படித்தான் வரிசையாக இருத்திவிடுவார் என்றும், வீட்டில் எது அசைந்தாலும் இது அசையாது என்று சொல்வார் என்றும் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

தம்பிமாரே, நான் உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திராது. அவர் கோபித்திருப்பார், வேலை இன்னும் ஒரு மாதம் இழுபட்டிருக்கும், அவ்வளவுதான். நான் தொப்பியைக் கையில் பிடித்தபடி புன்னகை செய்துகொண்டு நின்றேன். வாசலில் மேசன் ஆயுதங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த சுலைமான் நானாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் துரைசாணி சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

மன்னாருக்குத் திரும்பி வந்தேன். மார்கழி பிறந்து ஒரு கிழமை இருக்கும், ஒருநாள் காலையிலிருந்து வானம் செம்பட்டை நிறமாகக் கிடந்தது. வாடைக்காற்று நேரம் போகப் போக உரத்து வந்தது. பத்து மணிபோல் துறைமுகக் கந்தோர்க் கிளாக்கர் ஓடிவந்து, காற்றழுத்தம் காட்டும் கருவியின் முள் விழுந்துகொண்டே போகிறது, இப்படி ஒருநாளும் கண்டதில்லை என்றார். துரைசாணி இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் குடும்பங்களும் கரையில் இருந்த மீன்பிடிகாரக் குடும்பங்களும் ஓலைக் குடில்களில் இருந்தன. அவர்களை அவர் வீட்டுக்குள் கூப்பிடுவார். கூப்பிட்டு எங்கே இருத்துவார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு துண்டுக் கடிதம் எழுதி ஆள் அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் என்னுடைய பிழை என்ற சொல் வரவில்லை. மரத்தில் ஏதோ குறை இருக்கலாம் என்பதுபோலவே வந்தது. கடைசியில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உப்புக்குளத்துக்குப் போனேன்.

சுலைமான் நானா தன்னுடைய வீட்டுக் கூரைக்குக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் நானா, "ஓலைத்தொடுவாய்க்கோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். கயிற்றைத் தன் தம்பியிடம் கொடுத்தார், மனைவியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார், சால்வையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னோடு வந்து வண்டியில் ஏறினார்.

பாதி வழியில் பனை ஒன்று பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. மாடுகள் அதற்குமேல் போக மறுத்தன. வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். மணல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. மடம் ஒன்றின் சுவருக்கு மறைவில் கழுதைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. காற்றின் இரைச்சலில் பேசினாலும் கேட்டிராது.

வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது மதியம் தாண்டியிருந்தது. துரை ஆண்களோடு வள்ளங்களைக் கரையேற்றப் போயிருந்தார். அடுப்பு அறையில் முப்பதுபேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பெண்கள், குழந்தைகள், நடக்க மாட்டாத கிழவர் இருவர். கையில் செபமாலையோடு சிலர். குழந்தைகளை அந்தச் சுவரில் முதுகு சாய்த்து வரிசையாக இருத்தியிருந்தார் துரைசாணி. மேலே மரம் முனகிய சத்தத்தை நான் கேட்டேன். கூரை ஓட்டின் சத்தம் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

துரைசாணியை ஒரு பக்கத்துக்குக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில், தணிந்த குரலில் சொன்னேன். அத்திவாரம் போடவில்லை, இது வெறும் பூச்சுச் சுவர், புகைபோக்கி முழுவதும் இவர்களுடைய தலைக்கு மேலே இரண்டு மரத்தில் நிற்கிறது, செய்வித்தது நான் என்றேன். நான் ஏதாவது ஏச்சை எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "இவர்கள் என்னுடைய பேச்சை நம்பி அதிலே சாய்ந்திருக்கிறார்கள். நீங்களே இவர்களுக்குச் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள்."

நான் நடுவே வந்து நின்றேன். "இந்தப் புகைபோக்கிக்கு அத்திவாரம் இல்லை. மேல ரெண்டு மரத்தில தான் நிக்குது. நான் தான் அப்பிடிக் கட்டுவிச்சனான். இதுக்குக் கீழ ஒருத்தரும் இருக்காதேங்கோ."

மடியில் பேரப்பிள்ளையை வைத்திருந்த ஒரு மீன்காரப் பெண்தான் கேட்டார். "அப்ப எங்க போறது தம்பி? எங்கட குடில் இப்ப இருக்குதோ பறந்திட்டுதோ தெரியாது."

அந்தக் கேள்விக்கு நான் பதில் யோசித்துக்கொண்டு வரவில்லை. வழி முழுவதும் எப்படிச் சொல்வது என்று யோசித்தேனே தவிர, சொன்ன பிறகு முப்பதுபேரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசிக்கவில்லை. வெளியே தென்னைகள் வளைந்து நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. மேல்மாடி ஆகாது. முன் அறைகளின் மேலேயும் அதே நீள மரங்கள்தான். வடக்கே இருந்த பாலறை நினைவுக்கு வந்தது. தடித்த சுவர், தாழ்ந்த கூரை, மேல்மாடிப் பாரம் இல்லை. ஆனால் நான் கட்டுவித்த எதையும் நம்ப எனக்கே பயமாக இருந்தது.

"நானா, பாலறையில நாங்கள் ஏதும் குறைச்சனாங்களோ?"

அவர் மூலை மூலையாக மனதில் போய் வந்தார் போலிருந்தது. "இல்லை. அதைப் படத்தில கிடந்தபடி கட்டினது. மூலைக்கல்லெல்லாம் என்ர கையால வைச்சது" என்றார்.

துரைசாணி தானே முதல் குழந்தையைத் தூக்கினார். பால் சட்டிகளையும் தண்ணீர்க் குடங்களையும் மழைக்குள் வெளியே தள்ளிவிட்டு ஆட்களை உள்ளே விட்டோம். கிழவர்களைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனோம். இதற்கிடையில் வள்ளம் ஏற்றிவிட்டு வந்த இரண்டு இளந்தாரிகள், பாய்மரக் கம்புகள் இருக்கின்றன, அவற்றை மரங்களுக்குக் கீழே முட்டுக் கொடுத்தால் புகைபோக்கியைக் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு ஆசை வந்தது. அது நின்றுவிட்டால் என்னுடைய பெயரும் கொஞ்சம் தப்பும். ஆனால் முட்டுக் கொடுப்பவன் அதற்கு நேர் கீழே நிற்க வேண்டும். வேண்டாம், அந்த அறைக்குள் ஒருவரும் போகக் கூடாது என்று கதவைச் சாத்தி, குறுக்கே நான் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று மணித்தியாலம் அப்படி இருந்தோம். காற்று வடக்கிலிருந்து வந்து, தாழ்ந்த கூரையில் ஏறி, எங்கள் தலைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது. அதில் ஒரு ஓடும் கழலவில்லை. குழந்தைகள் சிலர் நித்திரையாகிவிட்டார்கள். நான் கதவுக்கு அந்தப் பக்கம் விழப்போகிற சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

சத்தம் வரவில்லை. பொழுது சாய முன் காற்று விட்டுவிட்டது. வெளியே வந்து பார்த்தோம். முன் கூரையில் பாதி ஓடு இல்லை. குடில்கள் ஒன்றும் இல்லை. புகைபோக்கி நின்றது.

"நிக்குது தானே தம்பி" என்றார் அந்த மீன்காரப் பெண். கேலியாகச் சொல்லவில்லை, என்னைத் தேற்றுவதற்குத்தான் சொன்னார். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, ஒரு கணம் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அது விழுந்திருந்தால் நான் சொன்னது சரி என்று எல்லோரும் கண்டிருப்பார்கள். அப்படி நினைத்ததை எண்ணி நான் பிறகு பட்ட வெட்கம், முப்பதுபேருக்கு முன் நின்று சொன்னபோது பட்ட வெட்கத்தைவிடப் பெரிது.

மறுநாள் காலை சுலைமான் நானா மேலே ஏறிப் பார்த்தார். ஒரு பாலை மரம் சுவரில் பொருந்தியிருந்த இடத்தில் கல் நொறுங்கி, மரம் ஒரு விரல் அளவு வெளியே வந்திருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் காற்று அடித்திருந்தால் விழுந்திருக்குமோ, பத்து வருடம் நின்றிருக்குமோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அதனால் நீங்கள் கேட்டால், நான் செய்தது சரி என்று அந்த விரல் அளவைக் காட்டிச் சொல்ல மாட்டேன். தெரிந்ததை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அதுவும் கிட்டத்தட்ட மூன்று மாதம் பிந்தி.

துரைசாணி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காற்று வந்திராவிட்டால் சொல்லியிருப்பீர்களா?"

இல்லை என்றேன். வேறு எந்தப் பதிலையும் அவர் நம்பியிருக்க மாட்டார், நானும் நம்பியிருக்க மாட்டேன். அவர் புகைபோக்கியைக் காட்டி, அதை இறக்கி, நிலத்திலிருந்து கட்டித் தாருங்கள் என்றார்.

நடந்ததை நானே எழுதி எஞ்சினியர் துரையிடம் கொடுத்தேன். விழாத ஒன்றுக்கு எதற்காக அறிக்கை என்று கேட்டார். வாசித்து முடித்ததும் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரை வெட்டினார். ஓலைத்தொடுவாய் வேலை முடிந்ததும் கொண்டச்சிப் பக்கம் றோட்டு வேலைக்குப் போ என்றார். நாலு வருடம் அங்கே கிடந்தேன்.

மாசியில், நிலம் காய்ந்த பிறகு, மறுபடி குழி வெட்டினோம். இந்தத் தரம் நான் சுலைமான் நானாவிடம் எப்படிச் செய்யலாம் என்று கேட்டேன். அவர் கரையிலிருந்து கிணறு வெட்டுகிறவர்கள் நாலு பேரைக் கூட்டிவந்தார். பனங்குற்றிகளை நெருக்கமாக இறக்கி மணலைத் தடுத்தார்கள், முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள், கல் இறங்கியது. நடக்காது என்று நான் முடிவுகட்டிய அத்திவாரம் நிலமட்டத்துக்கு வர ஒன்பது நாள்தான் பிடித்தது. துரைசாணி ஒவ்வொரு நாளும் ஒரு கதிரையைக் கொண்டுவந்து குழிக்கரையில் போட்டு உட்கார்ந்து, கடைசிக் கல் மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் குறையாக எடுக்கவில்லை.

முடிந்த அன்று அவர் அடுப்பை மூட்டச் சொன்னார். உச்சி வெயில். எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. புகை நேரே மேலே போனது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துரைசாணியும் சிரித்தார்.

வண்டிக்குக் காத்திருந்தபோது நான் சுலைமான் நானாவுக்கு நன்றி சொன்னேன். அன்றைக்குத் தன்னுடைய கூரையை விட்டுவிட்டு வந்தாரே, அதற்காக. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் சாந்து அகப்பையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "பிழையெண்டு எனக்குத் தெரியும் ஐயா. நீங்கள் சொன்னீங்கள் எண்டு கட்டினனான். உங்கட பிழையை நீங்கள் எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டீங்கள். என்ரயை நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

அகப்பையைச் சாக்கில் போட்டுக் கட்டினார். வண்டி வந்ததும் முன்னால் ஏறி, எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.